வாசித்துக் காட்டாத கைநாட்டு

2021 மார்ச் மாதம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம், ஒப்பந்தம் ஒன்றைக் கைப்பேசியில் படம் பிடித்து ஒரு விவசாயிக்கு அனுப்பியது. 80 டன்னுக்கும் மேல் ஆளி விதை, நவம்பரில் கொண்டுவந்து தர வேண்டும், விலை இவ்வளவு என்று அதில் இருந்தது. உறுதிசெய்யும்படி ஒரு வரியும் கூடவே வந்தது. விவசாயி பதிலுக்கு அனுப்பியது உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும். நவம்பர் வந்தது, விதை வரவில்லை. சந்தையில் விலையோ ஏறிவிட்டிருந்தது. செய்தி வந்து சேர்ந்தது என்று தெரிவிக்கத்தான் அந்தப் படத்தைப் போட்டேன், ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்லவில்லை என்று விவசாயி வாதாடினார். 2023 ஜூனில் தீர்ப்பு வந்தது: அந்தக் கட்டைவிரல் கையெழுத்துக்குச் சமம். அவர் 82,000 கனடிய டாலருக்கும் மேல் இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நம் ஊர்க் கைநாட்டுதான் நினைவுக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் பத்திரத்தில் விரலை மையில் தொட்டு ஒற்றுவதற்கு முன் ஓர் ஒழுங்கு உண்டு. எழுத்து தெரிந்த ஒருவர் பத்திரம் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்துக் காட்டப்பட்டது, கேட்டுப் புரிந்துகொண்டார் என்று எழுதி, சாட்சியும் கையெழுத்திட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு அந்த ஒரு வரிதான் பாதுகாப்பு.

இன்று அலுவலகங்களில் கட்டைவிரல் திரும்பி வந்திருக்கிறது. ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்ற அரட்டைச் செயலிகளில் விடுப்பும் செலவுக் கணக்கும் மென்பொருள் வெளியீடும் ஒரு பொத்தானில் ஒப்புதல் பெறுகின்றன. அந்த வரிசையில் மிக நுட்பமான ஒரு வேலையும் சேர்ந்துவிட்டது. மனிதர்களைப் பற்றிய தரவுகளில் அடையாளத்தை நீக்கி, வெளியே அனுப்பலாமா என்று முடிவு செய்யும் வேலை அது. மருத்துவமனையின் நோயாளிப் பட்டியல் ஆய்வாளர்களுக்குப் போகிறது. வங்கியின் பரிவர்த்தனைகள் மென்பொருள் சோதனைக்குப் போகின்றன. ஒரு செயலியின் பயண விவரங்கள் நகரத் திட்டமிடலுக்குப் போகின்றன. ஒவ்வொன்றின் முன்பும் யாரோ ஒருவர் ‘சரி’ என்று அழுத்துகிறார். எதற்குச் சரி சொல்கிறோம் என்பது அவருக்கு வாசித்துக் காட்டப்படுகிறதா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

பெயரை அடித்தால் போதுமா?

அடையாள நீக்கம் என்றதும் பலரும் நினைப்பது, பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகிய நிரல்களை அழித்துவிடுவது. 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலமும் அப்படித்தான் நினைத்தது. அரசு ஊழியர்களின் காப்பீட்டைக் கவனித்த ஆணையம், சுமார் 1,35,000 பேரின் மருத்துவ விவரங்களைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் அதில் இருந்தன. எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். அந்த மாநிலத்தின் ஆளுநர் வில்லியம் வெல்ட் வசித்தது அந்த நகரத்தில்தான். பட்டியலில் அவருடைய பிறந்த தேதி கொண்டவர்கள் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3 பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவக் குறிப்பு எது என்பது அத்தோடு தெரிந்துவிட்டது.

இது தற்செயல் இல்லை என்பதை ஒரு எளிய கணக்கு காட்டும். வருடத்துக்கு 365 பிறந்த நாட்கள், 80 வயது வரை 80 பிறந்த ஆண்டுகள், 2 பாலினங்கள் என்று வைத்தால் 58,400 பெட்டிகள் கிடைக்கும். ஒரு பின்கோடில் 25,000 பேர் வசிக்கிறார்கள் என்று கொள்வோம். அவர்களை இந்தப் பெட்டிகளில் அவரவர் இடத்தில் உட்காரவைத்தால் பெரும்பாலோர் தம் பெட்டியில் தனியாகத்தான் இருப்பார்கள். பெயர் இல்லாமலேயே அந்தப் பெட்டி அவர்களைச் சுட்டிவிடும். 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை இந்த மூன்று தகவல்களால் தனித்து அடையாளம் காணலாம் என்று ஸ்வீனி மதிப்பிட்டார். பின்னர் 2006-ல் ஃபிலிப் கோல் என்ற ஆய்வாளர் அதை 63 சதவீதம் என்று திருத்தினார். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் பாதிக்கு மேல்.

அதே கணக்கில் பிறந்த தேதியை எடுத்துவிட்டு ஆண்டை மட்டும் வைத்துப் பாருங்கள். பெட்டிகள் 160 ஆகச் சுருங்கும். ஒரு பெட்டிக்குச் சராசரியாக 150 பேருக்கு மேல் வந்துவிடுவார்கள். கூட்டத்தில் ஒருவர் மறைந்துகொள்ள இடம் கிடைக்கும். இந்த எண்ணத்தைத்தான் பியராஞ்சலா சமராட்டியும் ஸ்வீனியும் 1998-ல் ‘கே-அநாமதேயம்’ என்ற கோட்பாடாக வகுத்தார்கள். தரவில் உள்ள ஒவ்வொருவரும், வெளியே தெரியக்கூடிய தகவல்களில், குறைந்தது ‘கே’ பேர் கொண்ட ஒரு கூட்டத்தோடு அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும். அந்தக் ‘கே’ 5 என்றால் ஐவரில் ஒருவர். 1 என்றால் அவர் திறந்த வெளியில் நிற்கிறார்.

கூட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதும் விரைவில் தெரிந்தது. ஒரு பெட்டியில் இருக்கும் ஐந்து பேருக்கும் ஒரே நோய் என்றால், நாம் தேடுகிறவர் எந்த ஆள் என்று தெரியாவிட்டாலும் அவருக்கு என்ன நோய் என்று தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் மறைக்க வேண்டிய தகவல் பல விதமாக இருக்க வேண்டும் என்ற இரண்டாம் நிபந்தனை 2006-ல் வந்தது.

2 கோடிக்குள் ஒரு நகரம்

பெயரை அழிப்பதற்குப் பதில் அதைக் குறியீடாக மாற்றுவது இன்னொரு வழி. இது எப்படித் தவறும் என்பதற்கு நியூயார்க் டாக்ஸிகளைவிட நல்ல பாடம் இல்லை.

2014-ல் நியூயார்க் நகர நிர்வாகம், தகவல் அறியும் கோரிக்கை ஒன்றுக்குப் பதிலாக, 2013-ல் நடந்த சுமார் 17.3 கோடி டாக்ஸிப் பயணங்களின் விவரங்களைக் கொடுத்தது. எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், என்ன கட்டணம், என்ன டிப்ஸ் எல்லாம் இருந்தன. ஓட்டுநர் உரிம எண்ணும் வண்டி எண்ணும் எம்.டி.5 என்ற ‘ஹாஷ்’ முறையில் 32 எழுத்துகள் கொண்ட குறியீடுகளாக மாற்றப்பட்டிருந்தன. ஹாஷ் என்பது ஒருவழிப் பாதை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதற்கென்று ஒரு குறியீடு வரும். குறியீட்டைத் தலைகீழாக ஓட்டி எண்ணைப் பெற முடியாது. அந்த நம்பிக்கையில்தான் தரவு வெளியே போனது.

அந்தப் பதிவுகளில் ஓர் ஓட்டுநர் மனித சக்திக்கு மீறி ஏராளமான பயணங்களை ஓட்டியிருப்பதாகத் தெரிந்தது. விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் பொறியாளர் அதைத் துருவினார். அந்தக் குறியீடு பூஜ்யத்தின் ஹாஷ் என்று கண்டார். உரிம எண் பதிவாகாத இடங்களில் பூஜ்யம் விழுந்திருக்கிறது, பூஜ்யமும் குறியீடாக மாறியிருக்கிறது. பூட்டு என்னவென்று புரிந்துவிட்டது. சாவியை எப்படிச் செய்வது?

நியூயார்க் டாக்ஸி எண்கள் சில வடிவங்களில் மட்டுமே வரும். ஓர் எண், ஓர் எழுத்து, இரண்டு எண்கள் என்ற வடிவில் 26,000 வாய்ப்புகள். இரண்டு எழுத்து, மூன்று எண் என்றால் 6,76,000. மூன்று எழுத்து, மூன்று எண் என்றால் 1,75,76,000. கூட்டினால் 2 கோடிகூட வரவில்லை. சாதாரணக் கணினியே இவை ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் கண்டு, பட்டியல் போட்டு, பொருத்திப் பார்த்துவிடும். பாதையைத் தலைகீழாக ஓட்ட வேண்டிய தேவையே இல்லை. இருக்கிற எல்லா வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டினால் போதும். மொத்தத் தரவும் 2 மணி நேரத்துக்குள் அவிழ்ந்தது. அதன்பின் பத்திரிகைப் படங்களில் இருந்த டாக்ஸி எண்களை வைத்து, பிரபலங்கள் எங்கே போனார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் இன்னொருவர் எடுத்துக்காட்டினார்.

நம் ஊர்க் கைப்பேசி எண்களுக்கும் இது அப்படியே பொருந்தும். 10 இலக்க எண்களின் எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினாலும், இன்றைய கணினிக்கு அது கொஞ்ச நேர வேலை. ‘எண்களை ஹாஷ் செய்துவிட்டோம்’ என்று ஒப்புதல் கேட்கும் செய்தியில் இருந்தால், ரகசியச் சாவி எதுவும் கலந்தீர்களா என்று கேட்காமல் பொத்தானைத் தொடக் கூடாது.

பார்த்தவர்கள் பார்க்காதது

தரவை மறைப்பது ஒரு தொழில்நுட்பம். மறைத்தது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு கலை. 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். நிறுவனம், சுமார் 6.5 லட்சம் பேர் மூன்று மாதங்களில் தேடிய சுமார் 2 கோடி தேடல்களை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. பெயர்களுக்குப் பதில் எண்கள். ஆனால் மனிதர்கள் தேடுவதிலேயே அவர்களுடைய ஊர், உறவு, நோய், நாய் எல்லாம் இருக்கின்றன. 4417749 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்தவர் ஜார்ஜியா மாநிலத்தில் வசித்த 62 வயதுப் பெண் என்பதை நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் சில நாட்களிலேயே கண்டுபிடித்து வீட்டுக்கே போய்விட்டார்கள். நல்ல நோக்கத்தில் செய்த வேலை, முறையாகப் பரிசீலிக்கப்படாமல் வெளியே போய்விட்டது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அங்கே முறையான பரிசீலனை நடக்கவில்லை. பலர் கையில் புழங்கிய கோப்பும் தவறலாம் என்பதை வட அயர்லாந்து காட்டியது. 2023 ஆகஸ்டில் அங்குள்ள காவல்துறையிடம் ஒருவர், ஒவ்வொரு பதவியிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டார். கேட்டது வெறும் எண்ணிக்கை. பதிலாகப் போன எக்செல் கோப்பில் எண்ணிக்கை அழகாகத் தொகுத்து வைக்கப்பட்டிருந்தது. அதே கோப்பின் இன்னொரு ஷீட்டில், எண்ணிக்கை எடுக்கப்பட்ட மூலப் பட்டியல் இருந்தது: 9,483 காவலர்கள், பணியாளர்களின் குடும்பப்பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம். கோப்பு ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் மாறியும் அந்த ஷீட் யார் கண்ணிலும் படவில்லை. இணையத்தில் ஏறி, சில மணி நேரத்தில் அகற்றப்பட்டது.

வட அயர்லாந்தில் காவலர்கள் பலர் தம் வேலையை உறவினரிடம்கூடச் சொல்வதில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் ஒமா நகரில் ஒரு துப்பறியும் அதிகாரி, மகனோடு விளையாட்டு மைதானத்தில் இருந்தபோது சுடப்பட்டிருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் அந்தப் பட்டியல் ஆயுதக் குழுக்களின் கைக்கும் போய்ச் சேர்ந்ததாகக் காவல்துறையே சொன்னது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

அவர்கள் பார்த்தது திரையில் தெரிந்த பக்கத்தை. வெளியே போனது கோப்பு. இந்த இடைவெளி அரட்டைச் செயலியில் இன்னும் அகலமாகும். கைப்பேசியில் வருவது கோப்பின் பெயரும் இரண்டு பொத்தான்களும்தான்.

ஏன் அரட்டைக்கே வந்தது?

அப்படியானால் அரட்டையில் ஒப்புதல் கேட்பதையே விட்டுவிடலாமே என்று தோன்றும். நான் அதை ஆதரிக்க மாட்டேன். பழைய முறையில் கோரிக்கை மின்னஞ்சலில் போகும்; யார் பெட்டியிலோ தூங்கும்; அவசரப்பட்டவர் ‘நேற்றே கேட்டாயிற்று’ என்று சொல்லிக் கோப்பை அனுப்பிவிடுவார். யார், எப்போது, எதற்குச் சம்மதித்தார் என்று ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. மக்கள் நாள் முழுதும் இருக்கும் இடத்துக்கே ஒப்புதலைக் கொண்டுவந்தால் வேலை நகரும், தடயமும் இருக்கும்.

கட்டளைகளை அரட்டை அறைக்குள்ளேயே கொடுத்து, விளைவையும் எல்லோரும் அங்கேயே பார்க்கும் பழக்கத்தை கிட்ஹப் நிறுவனத்தினர் பரப்பினார்கள். ‘சாட்ஆப்ஸ்’ என்ற பெயரும் அங்கிருந்துதான் பரவியது. அவர்கள் உருவாக்கிய ‘ஹ்யூபாட்’ என்ற பாட் (தானியங்கி நிரல்), அறையில் ஓர் ஊழியரைப் போல உட்கார்ந்து சொன்னதைச் செய்தது. ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்கிறார்; புதிதாக வந்தவர் பார்த்தே கற்றுக்கொள்கிறார். 2014-ல் பொதுவெளிக்கு வந்த ஸ்லாக்கின் பெயரே, எல்லா உரையாடலையும் அறிவையும் தேடி எடுக்கக்கூடிய பதிவேடு என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான்.

பொத்தானுக்குப் பின்னால் நடப்பதையும் கொஞ்சம் பார்ப்போம். தரவை ஏற்றுமதி செய்ய ஒருவர் கோரியதும் பாட் ஒரு செய்தி அட்டையைச் சேனலில் போடுகிறது. மேலாளர் ‘ஒப்புதல்’ என்பதை அழுத்துகிறார். அந்த அழுத்தம் ஸ்லாக்கின் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு ஒரு செய்தியாகப் போகிறது. அதில் அழுத்தியவரின் அடையாள எண், நேரம், ரகசியச் சாவியால் போடப்பட்ட ஒரு முத்திரை மூன்றும் இருக்கும். சர்வர் முத்திரையைத் தானும் கணக்கிட்டுப் பார்த்து, ஒத்துப்போனால் மட்டுமே நம்ப வேண்டும். நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால், யாரோ பழைய செய்தியைப் பதிவு செய்து மீண்டும் அனுப்புகிறார்கள் என்று தள்ளிவிட வேண்டும். செய்தி கிடைத்தது என்று மூன்று விநாடிக்குள் சர்வர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் ஸ்லாக்கின் விதி. அந்த மூன்று விநாடி இயந்திரத்துக்கு வைத்த கெடு. பொத்தானை அழுத்தும் மனிதர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது குறைத்துவிடக் கூடாது.

கட்டைவிரல் எமோஜியை ஒப்புதலாக எடுத்துக்கொள்வது மட்டும் வேண்டாம். சேனலில் இருக்கும் எவரும் அதைப் போடலாம், பிறகு எடுத்தும்விடலாம். பொத்தானில், அழுத்தியவர் யார், அவருக்கு அந்த அதிகாரம் உண்டா, கோரியவரும் அழுத்தியவரும் ஒரே ஆளா என்று சரிபார்க்க முடியும். வங்கிக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் பாஸ் செய்வார். மேக்கரே செக்கராக இருக்க முடியாது. ஆனால் வவுச்சரைப் பாஸ் செய்யும் அதிகாரி வவுச்சரைக் கையில் வாங்கி, தொகையையும் கையெழுத்தையும் பார்த்துவிட்டுத்தான் பாஸ் செய்கிறார். தரவின் செக்கருக்கு அந்த வவுச்சர் எங்கே?

அட்டையில் என்ன எழுத வேண்டும்

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு மருத்துவமனைக் குழுமம், சிறுநீரக நோயாளிகளின் தரவை ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப நினைக்கிறது. மாலை 6.40-க்கு மேலாளரின் கைப்பேசியில் செய்தி வருகிறது: ‘நோயாளிகள்_இறுதி_3 கோப்பை அனுப்ப ஒப்புதல் தேவை. அடையாள நீக்கம் முடிந்தது. ஒப்புதல் / மறுப்பு.’ பேருந்தில் நின்றுகொண்டிருப்பவர் என்ன செய்வார்? நல்ல குழு, நம்பகமானவர்கள், இறுதி என்று வேறு எழுதியிருக்கிறார்கள். அழுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. அவருக்கு யாரும் எதையும் வாசித்துக் காட்டவில்லை.

அதே செய்தி இப்படி வந்திருந்தால்?

‘பெறுபவர்: ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு. வரிசைகள்: 18,420. நீக்கியவை: பெயர், முகவரி, கைப்பேசி எண். இருப்பவை: பிறந்த ஆண்டு, பாலினம், பின்கோடு, நோய், சிகிச்சை தொடங்கிய மாதம். மிகச் சிறிய கூட்டம்: 1 பேர். ஐந்துக்கும் குறைவான கூட்டத்தில் இருப்பவர்கள்: 212 பேர். கோப்பில் உள்ள ஷீட்கள்: 2. இதே பல்கலைக்கழகத்துக்கு இதற்கு முன் அனுப்பியவை: 1.’

இப்போது விரல் நிற்கும். அந்த ஒருவர் யார்? ஒருவேளை ஒரு சிறிய பின்கோடில் வசிக்கும் 93 வயது மூதாட்டி. அந்த வயதில் அந்தப் பகுதியில் வேறு யாரும் இல்லை. தெருக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். இரண்டாவது ஷீட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் எழும். இந்த எண்கள் எதையும் கண்டுபிடிக்க மனிதர் தேவையில்லை. கோப்பைப் படித்து ஒரு சிறிய நிரலே கணக்கிட்டுத் தந்துவிடும். முடிவு மட்டும் மனிதருடையது. அந்த 212 பேரை என்ன செய்வது? பின்கோடின் கடைசி இலக்கங்களை வெட்டலாம். வயதுகளைப் பத்துப் பத்தாகத் தொகுக்கலாம். அமெரிக்க மருத்துவத் தனியுரிமை விதி 89 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரையும் ‘90 அல்லது அதற்கு மேல்’ என்ற ஒரே கூடையில் போடச் சொல்கிறது. அஞ்சல் குறியீட்டில் முதல் மூன்று இலக்கங்களை மட்டும், அதுவும் அந்தப் பகுதியில் 20,000 பேருக்கு மேல் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. தொகுக்கத் தொகுக்க ஆய்வின் கூர்மை குறையும். ஆய்வாளருக்கு எது கட்டாயம் தேவை, நோயாளிக்கு எது ஆபத்து என்று எடைபோட இங்கே ஆள் வேண்டும். அதைத்தான் நாம் ஒப்புதல் என்கிறோம்.

அட்டையில் வரக் கூடாதது ஒன்றும் உண்டு: நோயாளியின் வரிசை. ‘மாதிரிக்கு ஐந்து வரிகள்’ என்று சேனலில் ஒட்டிவிட்டால், ஒப்புதலுக்கு முன்பே தரவு வெளியேறிவிட்டது. சேனலில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை கைப்பேசிகளின் பூட்டுத்திரையில் அது மின்னியது, எத்தனை வருடம் தேடலில் கிடைக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அட்டையில் எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும். வரிகளைப் பார்க்க வேண்டியவர், தனிக் கடவுச்சொல்லோடு நுழையும் பாதுகாப்பான பக்கத்துக்குப் போய்ப் பார்க்கட்டும்.

இன்னொரு வரியும் அட்டையில் வேண்டும்: கோப்பின் ஹாஷ். நியூயார்க்கில் முகமூடியாகப் போட்டபோது தோற்ற அதே ஹாஷ் முறை, முத்திரையாக வைக்கும்போது அருமையாக வேலை செய்யும். ஷா-256 போன்ற வலுவான ஹாஷில் ஒரு கோப்பின் ஓர் எழுத்தை மாற்றினாலும் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும். மேலாளர் ஒப்புக்கொண்டது எந்த ஹாஷ் கொண்ட கோப்பையோ, அதை மட்டுமே ஏற்றுமதி இயந்திரம் வெளியே விட வேண்டும். ஒப்புதல் வாங்கிய பிறகு ‘ஒரு நிரல் விட்டுப்போச்சு’ என்று யாராவது கோப்பை மாற்றினால் வாசல் திறக்காது. கைநாட்டில் விரல் ரேகை ஆளைக் கட்டிவைக்கிறது; இங்கே கோப்பின் ரேகை ஒப்புதலைக் கட்டிவைக்கிறது.

நேற்றைய ஒப்புதல் இன்றைக்குப் பகை

‘இதற்கு முன் அனுப்பியவை: 1’ என்ற வரி ஏன்? இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு துறையில் 12 பேர். மார்ச் மாதச் சராசரிச் சம்பளம் 50,000 ரூபாய் என்று ஓர் அறிக்கை. ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். ஏப்ரலில் 11 பேரின் சராசரி 48,000 ரூபாய் என்று அடுத்த அறிக்கை. இரண்டும் கூட்டத்தின் சராசரிகள், யாருடைய பெயரும் இல்லை. ஆனால் 12-ஐ 50,000-ஆல் பெருக்கினால் 6,00,000. 11-ஐ 48,000-ஆல் பெருக்கினால் 5,28,000. கழித்தால் 72,000. போனவரின் சம்பளம் ரூபாய் சுத்தமாக வெளியே வந்துவிட்டது. இரண்டு ஒப்புதல்களும் தனித்தனியே குற்றமற்றவை. சேர்ந்தபோது ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

சேருகிற தரவு வெளியிலிருந்தும் வரலாம். 2006-ல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் சுமார் 4,80,000 வாடிக்கையாளர்கள் படங்களுக்குக் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி ஒரு போட்டிக்காக வெளியிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அரவிந்த் நாராயணனும், அவருடைய பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவும் அதைப் பொதுவெளியில் கிடைக்கும் திரைப்பட விமர்சனங்களோடு ஒப்பிட்டார்கள். ஒருவர் மதிப்பிட்ட 8 படங்களும், இரண்டு வாரம் முன்பின்னான தேதிகளும் தெரிந்தால், அவற்றில் இரண்டு தவறாகவே இருந்தாலும், 99 சதவீதம் பதிவுகளைத் தனித்துக் காட்டிவிடலாம் என்று 2008-ல் எழுதினார்கள். நமது ரசனையும் ஒரு கைரேகைதான்.

இந்தச் சேர்க்கை ஆபத்தை அளந்து கட்டுப்படுத்தும் கணிதமும் 2006-ல் பிறந்தது. சிந்தியா ட்வொர்க், ஃபிராங்க் மெக்ஷெரி, கோபி நிசிம், ஆடம் ஸ்மித் ஆகியோர் வகுத்த அந்த முறைக்கு ‘வேறுபாட்டுத் தனியுரிமை’ என்று பெயர் சொல்லலாம். ஒவ்வொரு விடையிலும் அளவாகக் கொஞ்சம் தற்செயல் பிழையைக் கலக்க வேண்டும். எந்த ஒருவர் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே தெரிய வேண்டும். ஒவ்வொரு விடையும் தனியுரிமையில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. மொத்த இருப்பு தீர்ந்தால் கேள்விகளை நிறுத்திவிட வேண்டும். அமெரிக்கா 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகளை இந்த முறையில்தான் வெளியிட்டது. ஒப்புதல் அட்டைக்கு இதைவிடப் பொருத்தமான எண் கிடையாது: ‘இருப்பு இவ்வளவு, இந்தக் கோரிக்கை செலவழிக்கப்போவது இவ்வளவு.’ பாஸ்புக் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது புரியும்.

அரட்டைச் செயலியின் உண்மையான பலமும் இங்கேதான். மனித நினைவு மார்ச் அறிக்கையை ஏப்ரலில் மறந்துவிடும். தேடக்கூடிய பதிவேடு மறக்காது. அதே துறை, அதே பெறுநர், அதே நிரல்கள் என்று பழைய ஒப்புதல்களைப் பாட் தேடி எடுத்து முன்னால் வைக்க வேண்டும்.

சோர்ந்த விரல்

எவ்வளவு நல்ல அட்டையும் நாளைக்கு நாற்பது வந்தால் பயனில்லை. 2022 செப்டம்பரில் உபர் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் திருடனிடம் சிக்கியிருந்தது. அவன் நுழைய முயலும்போதெல்லாம், நுழைவது நீங்கள்தானா என்று ஊழியரின் கைப்பேசியில் ஒப்புதல் கேட்டு வந்தது. முதலில் அவர் ஒப்பவில்லை. கோரிக்கை மறுபடி மறுபடி வந்தது. கடைசியில் ஒன்றை ஏற்றுவிட்டார். உள்ளே வந்தவன் நிறுவனத்தின் ஸ்லாக் சேனலிலேயே தன் வருகையை அறிவித்தான்.

ஆகவே எல்லாவற்றுக்கும் மனிதரைக் கேட்பது பாதுகாப்பு ஆகாது. மிகச் சிறிய கூட்டம் போதிய அளவு பெரியது, பெறுநர் பழையவர், நிரல்கள் ஏற்கெனவே முடிவானவை என்றால் இயந்திரமே விதிப்படி அனுப்பிப் பதிவு செய்துகொள்ளட்டும். மூதாட்டி தனியாக நிற்கும் கோப்புகள் மட்டும் மனிதரிடம் வரட்டும். அவையும் இரண்டு பேரிடம் போகட்டும், ஒருவர் தரவைத் தெரிந்தவராகவும் மற்றவர் சட்டத்தைத் தெரிந்தவராகவும் இருக்கட்டும். பதில் வராத கோரிக்கை குறித்த நேரத்தில் தானாகக் காலாவதியாகட்டும். மௌனம் சம்மதம் என்ற வழக்கு இங்கே செல்லாது.

சட்டமும் இப்போது நம் வாசலுக்கு வந்துவிட்டது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ல் வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காண உதவும் எந்தத் தரவையும் தனிநபர் தரவு என்கிறது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. பெயர் இருக்கிறதா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்றுதான் கேட்கிறது. ஸ்வீனி 20 டாலரில் கேட்டதும் அதே கேள்விதான்.

சென்னையிலும் கோவையிலும் அமர்ந்து உலகத்தின் மருத்துவத் தரவுகளையும் வங்கித் தரவுகளையும் கையாளும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது சிறிய மாற்றம் ஒன்றுதான். அட்டையில் ‘ஒப்புதல்’ பொத்தானை முதலில் பூட்டி வையுங்கள். ‘வாசிக்க’ என்று ஒரு பொத்தானை அதற்கு முன் வையுங்கள். அதை அழுத்தினால் மிகச் சிறிய கூட்டமும், எல்லா ஷீட்களும், பழைய ஒப்புதல்களும் பாதுகாப்பான பக்கத்தில் திறக்கட்டும். அவற்றைப் பார்த்து முடித்த பிறகே ஒப்புதல் பொத்தான் உயிர் பெறட்டும். யார் வாசித்தார், எப்போது வாசித்தார் என்பதும் பதிவாகட்டும்.

பேருந்தில் நிற்கும் அந்த மேலாளரிடம் திரும்புவோம். ‘மிகச் சிறிய கூட்டம்: 1 பேர்’ என்ற வரியைப் பார்த்தவர், கோப்பைத் திருப்பி அனுப்புகிறார், வயதைத் தொகுத்து, பின்கோடைச் சுருக்கி, இரண்டாவது ஷீட்டை நீக்கி வரச் சொல்கிறார். மறுநாள் காலை அட்டை மீண்டும் வருகிறது. ‘மிகச் சிறிய கூட்டம்: 11 பேர். ஷீட்கள்: 1.’ அவர் திறந்து வாசிக்கிறார், ஒப்புகிறார். 93 வயது மூதாட்டிக்கு இந்தச் சேனல் இருப்பதே தெரியாது. தன் பெயரில் யாருக்கோ எதுவோ வாசித்துக் காட்டப்பட்டது என்பதும் தெரியாது. இன்னும் பத்துப் பேருக்கு நடுவில் அவர் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார்.